புகை ஸ்டவுட் ஏமாற்றினால்: நாக்கைக் கேட்டுப் பிழை பிடிப்பது

போன ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில், 20 லிட்டர் புகை ஓட்ஸ் ஸ்டவுட் போட்டேன்; புகை வாசனையும் ஓட்ஸும் சேர்ந்த கறுப்பு பீர் அது. ஆறு வாரம் பொறுத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராய்க்கு, அதாவது இறைச்சி சுட, மூட்டிய நெருப்பைச் சுற்றி உறவுக்காரர்கள் நின்றபோது முதல் பாட்டிலைத் திறந்தேன். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணா, இது பீரா, தண்ணி ஊத்தி அணைச்ச அடுப்பா?" என்றான். மாமா, "புகை புகைன்னு சொன்னியே, எங்கப்பா?" என்றார். தம்பி மனைவி கிளாஸை ஒரு சுற்று ஆட்டிப் பார்த்தாள். "கஞ்சித்தண்ணி மாதிரி ஓடுது" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

ஒரே பீர், மூன்று புகார். சாம்பல் அடிக்கிறது என்றவனும் புகையே இல்லை என்றவரும் ஒரே பாட்டிலில்தான் குடித்தார்கள். அடுத்த இரண்டு மாதம் மீதிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து குடைந்து பார்த்ததில், மூன்று பேர் சொன்னதும் சரிதான் என்று தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்குக்கூடப் புகை மால்ட் (முளைகட்டிப் புகையில் உலர்த்திய தானியம்) காரணம் இல்லை.

அதனால் புகை ஸ்டவுட் பிடிக்கவில்லை என்றால், புகை மால்ட்டைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று உடனே கணக்குப் போட வேண்டாம். முதலில் வாயில் என்ன நடக்கிறது என்று பெயர் வையுங்கள். அதற்கு நமக்கு வசதி அதிகம். என்னோடு பீர் போடும் நண்பர்கள் கசப்பு, துவர்ப்பு, தீய்ந்த ருசி எல்லாவற்றையும் 'பிட்டர்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அறுசுவையை ஒப்பித்தவனுக்கு அந்தச் சாக்கைப் பிரிக்கத் தெரியும். கசப்பு நாக்கில் தங்கும். துவர்ப்பு கன்னத்தை உள்ளே இழுக்கும். தீய்ந்தது தொண்டையில் ஒட்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

என் கணக்கு இது: பேல் மால்ட் 3.5 கிலோ, பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட் 1 கிலோ, ஓட்ஸ் 500 கிராம், கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், சாக்லேட் மால்ட் 250 கிராம், வறுத்த பார்லி 200 கிராம். கடைசி எண் இப்போது திருத்தியது. முதல் தடவை கை தாராளமாகி 450 போட்டேன், அந்தக் கதை கீழே வருகிறது. தண்ணீரை 1.000 என்று வைத்து, ஆரம்ப அடர்த்தி 1.056, முடிவு 1.016 என்று வந்தால் ஆல்கஹால் ஐந்தேகால் சதவீதம் இருக்கும்.

பாட்டிலைத் திறக்கும் முன்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் எந்த ஸ்டவுட்டும் ஊமைதான். 4 டிகிரியில் மணம் மேலே எழாது, கசப்பும் வறுத்த ருசியும்தான் முன்னே நிற்கும். 10 முதல் 13 டிகிரி வரை வரட்டும். டர்பன் ஜனவரியில் கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும், ஜூலையில் அரை மணி ஆகும். வாய் குறுகின கிளாஸில் பாதி மட்டும் ஊற்றுங்கள். குடிக்கும் முன் முகருங்கள், முகர்ந்ததும் தோன்றியதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது முகர்வுக்குள் மூக்கு புகைக்குப் பழக ஆரம்பித்துவிடும். புகை பீருக்குப் பேர்போன ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரில், 1405-லிருந்தே எழுத்தில் பேர் இருக்கும் ஷ்லெங்கர்லா விடுதிக்குப் போகிறவர்களுக்கு முதல் கிளாஸை விட இரண்டாவதும், அதை விட மூன்றாவதும் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். மூக்கு பழகிப்போவதும் அதில் பாதி விஷயம்.

சமோசாவும் ஆட்டுக்கறிக் குழம்பும் இதற்கு அப்புறம். டர்பன் மசாலா போட்ட வாய்க்கு எந்த பீரும் இனிக்கும்.

"புகையே இல்லையே"

மாமாவின் புகார் இது. இதற்குத்தான் நான் அதிகம் அலைந்தேன், விடையோ கண்ணெதிரே இருந்தது. அன்று முழங்கால் வலியால் அத்தை முன்னறையை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தனுப்பியிருந்தேன். மூக்கருகே கொண்டுபோனதும், "என்னடா இது, கருவாடு சுட்ட வாடை!" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டாளாம். இரவு பாத்திரம் கழுவும்போதுதான் எனக்குச் சொன்னார்கள். வெளியே விறகு நெருப்பருகே இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்த மாமாவின் மூக்கில் ஏற்கெனவே புகை நிறைந்திருந்தது. அவருக்கு எப்படி இன்னொரு புகை தெரியும்? பிராய்க்கு ஏற்ற பீர் என்று புகை ஸ்டவுட்டைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். இறைச்சியோடு நன்றாகப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. நெருப்பு மூட்டும் முன், வீட்டுக்குள், ஜன்னலைத் திறந்துவைத்துச் சோதியுங்கள்.

அப்படியும் புகை தெரியவில்லையென்றால் மால்ட்டைச் சோதிக்க வேண்டும். புகை மணம் மால்ட்டில் சாசுவதமாகத் தங்காது. திறந்த பையில் சில மாதம் கிடந்தால் பாதி போய்விடும். பத்து மால்ட் மணியை மென்று பாருங்கள். அதில் சந்தேகம் தீரவில்லையென்றால் 50 கிராம் நொறுக்கி, 250 மில்லி 70 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் மூடி வைத்து, தேநீர் மாதிரி வடிகட்டி முகருங்கள். ஒவ்வொரு புதுப் பைக்கும் இதைச் செய்கிறேன். 20 லிட்டர் வீணாவதை விட 50 கிராம் போவது மேல்.

அளவைப் பொறுத்தவரை, பீச் மரப் புகை மால்ட் மென்மையானது. மொத்தத் தானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போட்டால் ஸ்டவுட்டில் மெல்லிய பின்னணிதான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்குக்குப் போனால் தைரியமாகத் தெரியும். பாம்பெர்க்கில் முழுக்கவே புகை மால்ட்டில் பீர் போடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு விஸ்கிக்காரர்களின் பீட் (சதுப்பு நிலக் கரி) புகை மால்ட்டை அதே அளவில் போட்டுவிடாதீர்கள்! அது வேறு ஜாதி. கரி நிலத்துப் புகையின் பீனால்கள் என்ற வாடைப் பொருள்கள் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்ளேயே பீரை ஆஸ்பத்திரி வராந்தாவாக்கிவிடும்.

மால்ட்டை வீட்டிலேயே புகை போடுவதும் நடக்கிற காரியம்தான். மூடி போட்ட பிராய் அடுப்பில், கம்பி வலை மேல் லேசாகத் தண்ணீர் தெளித்த மால்ட்டைப் பரப்பி, ஒன்றிரண்டு மணி நேரம் சூடு ஏறாமல் புகை மட்டும் காட்ட வேண்டும். கட்டை நன்றாகக் காய்ந்திருக்கணும், பட்டை உரித்திருக்கணும். நான் ஒரு தடவை அரைப்பச்சை வாட்டில் கட்டையைப் பட்டையோடு வைத்தேன். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்த அந்தப் புகை தார் வாடையை மால்ட்டில் ஏற்றிவிட்டது. கண்ணில் படுவதும் படாததுமாக நீலம் பாய்ந்த மெல்லிய புகைதான் வேண்டியது. பைன் மரம் கூடவே கூடாது, பிசின் ஏறும். பெட்டி, பலகை உடைத்த மரத்தில் மருந்து தடவியிருப்பார்கள், அதுவும் வேண்டாம். புகை போட்ட மால்ட்டைக் காகிதப் பையில் ஒரு வாரம் ஆறவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள்.

"அணைச்ச அடுப்பு"

தம்பி சொன்னது. ஊதாங்குழலை ஊதும்போது சாம்பல் வாயில் பட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. இதைப் புகையின் குற்றம் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். புகை மூக்கில் முதலில் வந்து, போகும்போது ஓசையில்லாமல் போய்விடும். சாம்பல் விழுங்கிய பிறகுதான் வரும், வந்தால் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

சாம்பல் வருவது கறுப்பு தானியத்தில். 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் உருளையில் மால்ட் வறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் கொஞ்சம் கறுப்பு மால்ட்டை வைத்தே மொத்த பீரையும் கறுப்பாக்க முடிந்தது. கொஞ்சம் என்பதை அழுத்திப் படிக்கவும். வறுத்த பார்லியும் சாக்லேட் மால்ட்டும் சேர்ந்து மொத்தத்தில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு இருந்தால் ஓட்ஸ் ஸ்டவுட்டுக்குத் தாராளம். என்னுடையது முதல் தடவை கிட்டத்தட்ட பன்னிரண்டுக்குப் போய்விட்டது. புகை இல்லாத ஸ்டவுட் என்றால் அதைக் காபி மாதிரி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். புகையும் கூடச் சேர்ந்தபோது காபி கரியானது.

அளவு சரியாக இருந்தும் சாம்பல் அடித்தால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

ஒன்று, அரைப்பு. கறுப்பு தானியம் வறண்டு நொறுங்கலாக இருக்கும், பேல் மால்ட்டோடு சேர்த்து ஆலையில் விட்டால் பொடியாகிவிடும். பொடி வடிகட்டியில் நிற்காமல் கொதி பானைக்குள் போய், அறுபது நிமிடம் வெந்து, தன் தீய்ந்த ருசியை முழுசாகக் கொடுக்கும். தனியாக, கொரகொரப்பாக உடையுங்கள்.

இரண்டு, தண்ணீர். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மென்தண்ணீர், சோப்பு நன்றாக நுரைக்கிற ரகம். வெளிர் பீருக்கு அது வரம். கறுப்பு மால்ட்டுக்கு அமிலத்தன்மை அதிகம், அதை ஈடுகட்ட மென்தண்ணீரில் காரம் இல்லை. மாஷின், அதாவது நொறுக்கிய தானியத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த கலவையின், பிஎச் (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.2-க்குக் கீழே இறங்கினால் வறுத்த ருசி கத்தி மாதிரி கூர்மையாகிவிடும். 5.4 முதல் 5.6 வரை வைத்தால் அதே தானியம் சாக்லேட்டாகப் பேசும். மாஷுக்கு எடுக்கும் 15 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 4 கிராம் சமையல் சோடா போட்டேன். இட்லி மாவுக்கு ஆயா போடும் அதே சோடாதான். காகிதப் பட்டை வைத்து பிஎச் பார்க்க வேண்டாம், கறுப்பு திரவத்தில் நிறம் தெரியாது. சின்ன மின் மீட்டர் வாங்கி, மாதிரியை ஆறவைத்துப் பாருங்கள்.

மூன்று, ஊறும் நேரம். கறுப்பு தானியத்தை ஆரம்பத்திலேயே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதிலிருந்து நமக்கு வேண்டியது நிறமும் மணமும் மட்டும்தான். நான் இப்போது முந்தின இரவே அதை நான்கு பங்கு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் வடிகட்டி, கொதி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஊற்றுகிறேன். பச்சைத் தண்ணீரில் குறைவாகத்தான் இறங்கும் என்பதால் தானியத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் புகை ஸ்டவுட்டுக்கு இதைவிட நல்ல திருத்தம் இல்லை.

சாம்பலும் இல்லை, வாய் இழுக்கவும் இல்லை, வெறும் கசப்புதான் என்றால் அது பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் வேலை. இங்கிலாந்து செய்முறையை வைத்துக்கொண்டு கோல்டிங் ஹாப்ஸுக்குப் பதிலாக நம் நாட்டு ஜார்ஜ் ஊர்ப் பக்கம் விளையும் சதர்ன் பிராமிஸ் ஹாப்ஸை அதே கிராம் கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சதர்ன் பிராமிஸில் கசப்பு அமிலம் ஏறக்குறைய இரட்டிப்பு. பை மேல் அச்சிட்ட ஆல்ஃபா சதவீதத்தைப் பார்த்து எடையைக் குறையுங்கள்.

வாயை இழுக்கிறது

காய் வாழைப்பழத்தைக் கடித்த மாதிரி, கொட்டைப்பாக்கை மென்ற மாதிரி. இது துவர்ப்பு, உமியிலிருந்து இறங்கிய டானின். மால்ட்டை அலசும் தண்ணீர் 77 டிகிரிக்கு மேல் போயிருக்கும், அல்லது பேராசையில் கடைசிச் சொட்டு வரை அலசியிருப்பீர்கள். வடியும் திரவத்தின் அடர்த்தி 1.010-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடுப்பில் மறந்துபோன தேயிலைக் கஷாயத்தை ஒரு வாய் குடித்துவிட்டு பீரைக் குடித்தால் ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே பாட்டிலில் இருப்பது இரண்டு மூன்று மாதத்தில் கொஞ்சம் அடங்கும்.

பிளாஸ்திரி, டெட்டால், ஆஸ்பத்திரி

இதையும் புகை என்று மன்னித்துவிடுகிறவர்கள் உண்டு. மரப் புகையில் குவாயகால் போன்ற பீனால்கள் இருக்கின்றன, அவைதான் நமக்குப் பிடித்த அந்த விறகடுப்பு வாசனை. பீனால் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினைச் சந்தித்தால் குளோரோபீனாலாகிறது. இது நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். புகை மால்ட்டில் பீனால் சாதாரண மால்ட்டை விட அதிகம் என்பதால், லாகருக்குத் தொந்தரவு தராத குழாய்த் தண்ணீர்கூட இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

தீர்வு மலிவானது. தண்ணீரைப் பிடித்ததும் கேம்டன் மாத்திரையில் பாதியை நசுக்கிப் போட்டுக் கலக்குங்கள். ஒரு முழு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும், ஆகவே பாதியே நம் பானைக்கு அதிகம். சில நிமிடத்தில் குளோரினும் அதன் உறவான குளோரமினும் போய்விடும். கொதிக்கவைத்தால் குளோரின் ஓடிவிடும், குளோரமின் அவ்வளவு சுலபத்தில் போகாது.

தண்ணீர் சரியாக இருந்தும் வாடை வந்தால் சுத்தம் செய்த விதத்தைப் பாருங்கள். நாங்கள் எல்லாரும் ஜிக் என்றே கூப்பிடும் வெளுப்பானில் வாளியை ஊறவைத்துவிட்டு அரைகுறையாக அலசிய தப்பை நானே செய்திருக்கிறேன். வாடை கிராம்பு பக்கம் சாய்ந்தால் கதை வேறு. அது ஈஸ்ட் தரும் பீனால். கோதுமை பீர் ஈஸ்ட்டைத் தெரியாமல் போட்டிருப்பீர்கள், அல்லது காட்டு ஈஸ்ட் எங்கிருந்தோ புகுந்திருக்கும்.

"கஞ்சித்தண்ணி மாதிரி ஓடுது"

ஓட்ஸ் போட்டும் பீர் மெலிந்திருந்தால் கோபம் நியாயம்தான். ஓட்ஸ் போடுவதே வழுவழுப்புக்காக. ஓட்ஸில் பீட்டா குளூக்கான் என்ற பிசின் இருக்கிறது, கஞ்சி ஆறினால் கட்டியாவது அதனால்தான். மாரியம்மன் கோயில் கூழ் வாயில் எப்படித் தங்குகிறதோ, அதில் பத்தில் ஒரு பங்காவது ஓட்ஸ் ஸ்டவுட் தங்க வேண்டும்.

முதலில் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். பீர் 1.016-இல் நின்றிருக்க வேண்டியது 1.008-க்குப் போயிருந்தால் ஓட்ஸைக் குறை சொல்லாதீர்கள். மாஷின் சூடு குறைந்து, மாவுச்சத்து முழுக்க ஈஸ்ட்டுக்குப் பிடித்த சர்க்கரையாக மாறிவிட்டது. 68 டிகிரிக்குக் குறி வையுங்கள். என் வெப்பமானி மூன்று டிகிரி அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் 67 என்று நம்பியது உண்மையில் 64. கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தபோது 103 காட்டியது. கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு இந்தச் சோதனை நேராக வேலை செய்யும். ஜோஹானஸ்பர்கில் இருக்கும் உறவுக்காரர்கள் கவனிக்க: உங்கள் ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 காட்டவில்லையே என்று நல்ல வெப்பமானியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடர்த்தி சரியாகவே இருந்து வாயில் மட்டும் மெலிந்தால் ஓட்ஸைப் பாருங்கள். ஜங்கிள் ஓட்ஸ் மாதிரி ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கியது நேரே மாஷுக்குள் போகலாம். உடைத்த முழு ஓட்ஸ் என்றால் முதலில் கஞ்சியாக வேகவைக்க வேண்டும். சர்க்கரையும் வாசனையும் சேர்த்த உடனடி ஓட்ஸ் காலைச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும். அடுப்பில் 150 டிகிரியில் பிஸ்கட் வாசனை வரும்வரை வறுத்து, சில நாள் ஆறவிட்டுப் போட்டால் ருசி இன்னும் கூடும். நூற்றுக்குப் பத்து பங்கு போதும். இருபதைத் தாண்டினால் மாஷ் களி மாதிரி இறுகி வடியவே வடியாது, அப்போது இரண்டு கைப்பிடி நெல் உமியை அலசிக் கலந்தால் வழிவிடும்.

குளிர்பான அளவுக்குக் காற்று ஏற்றினாலும் ஸ்டவுட் மெலிந்துதான் தெரியும். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம்.

நொதித்து முடிந்த பீரைத் தேற்ற ஒரு வழி உண்டு. பாட்டிலில் அடைக்கும் முன் 250 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினைக் கொதிநீரில் கரைத்துச் சேர்த்தால் 20 லிட்டரில் அடர்த்தி நாலைந்து புள்ளி (0.004, 0.005) ஏறும், இனிப்பு ஏறாது. லாக்டோஸும் அதே வேலையைச் செய்யும், இனிப்போடு. காஸில் மில்க் ஸ்டவுட்டில் பழகிய நாக்குக்கு அது பிடிக்கும். ஆனால் பால் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் பெரியப்பாவிடம் சொல்ல மறந்த இரவு இன்னும் வீட்டில் பேசப்படுகிறது.

நுரை நிற்கவில்லை

ஓட்ஸில் எண்ணெய் இருக்கிறது, அதுதான் காரணம் என்பார்கள். இருக்கலாம், ஆனால் பத்து சதவீத ஓட்ஸுக்கு நுரை சாகாது. கிளாஸைச் சோப்பில்லாமல் நன்றாக அலசி மறுபடி ஊற்றிப் பாருங்கள். நின்றால் குற்றம் கிளாஸ் மேல். நின்ற நுரை முதல் வாய்க்குப் பிறகு ஓடிவிட்டால் உதட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள், சமோசா எண்ணெய்.

புளிக்கிறது

கறுப்பு மால்ட் தரும் லேசான கூர்மை ஸ்டவுட்டில் இயல்பு. சோளமும் மக்காச்சோளமும் போட்டுக் காய்ச்சும் நாட்டு பீரான உம்கொம்போதி மாதிரிப் புளித்தால் இயல்பு இல்லை. உம்கொம்போதியில் அந்தப் புளிப்பை வேண்டித்தான் வரவழைக்கிறார்கள். இங்கே அது அழையா விருந்தாளி. பிஎச் 4-க்குக் கீழே இருந்தால், பாட்டில் கழுத்தில் வளையமாக வெள்ளைக் கறை இருந்தால், திறந்ததும் பொங்கினால், சந்தேகமே வேண்டாம், கிருமி. உடனே மீதியெல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போனால் கண்ணாடி வெடிக்கும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் விடாதீர்கள், எடுக்கும்போது துணி சுற்றி எடுங்கள். பிளாஸ்டிக் குழாய்களையும் வாளிக் குழாயையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான் என் வழக்கம்.

தொண்டை எரிகிறது, நகச்சாய வாடை

ஈஸ்ட் சூட்டில் வேலை செய்திருக்கிறது. இதற்கு மின்வெட்டைச் சொல்வது நம் தேசியப் பழக்கம். 2023-இல் நானும் அதைத்தான் திட்டினேன். ஆனால் 20 லிட்டர் திரவம் மூடின ஃபிரிட்ஜுக்குள் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் பெரிதாகச் சூடேறாது. சூடு உள்ளிருந்தே வருகிறது. நொதித்தல் வேகமாக நடக்கும் முதல் மூன்று நாளில் வாளிக்குள் அறையை விட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை கூடும். அறை 26 என்றால் உள்ளே 30. பீர் 18 முதல் 20-க்குள் இருக்க வேண்டும், வெப்பமானியை வாளியின் பக்கத்தில் ஒட்டி அதைப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு ஈரத்துண்டைச் சுற்றி மின்விசிறி வைக்கச் சொல்வார்கள். வறண்ட ஜோஹானஸ்பர்கில் அது வேலை செய்யும். டர்பன் பிப்ரவரியில் துண்டு காய்ந்தால்தானே குளிரும்! இங்கே வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். அல்லது என்னைப் போல் ஜூன் வரை காத்திருங்கள்.

மற்றவை

வெண்ணெய் வாடை என்றால் ஈஸ்ட்டைப் பாதியிலேயே குளிரவைத்துவிட்டீர்கள். கடைசி மூன்று நாள் இரண்டு டிகிரி கூட்டிவிட்டால் அதுவே சரிசெய்துகொள்ளும். ஈர அட்டைப்பெட்டி வாடை என்றால் பாட்டிலில் அடைக்கும்போது காற்றுப் பட்டிருக்கிறது, குணமாகாது. சோயா சாஸ் வாடை என்றால் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கோடைக்காலம் முழுக்க வைத்திருக்கிறீர்கள், அதுவும் குணமாகாது. சுட்ட இறைச்சி வாடை பிழையே இல்லை. பீச் மரப் புகை அப்படித்தான் இருக்கும். அத்தைக்கு மட்டும் அது கருவாடு.

மீந்த பாட்டில்கள்

மெலிந்த பீரை நல்ல ஸ்டவுட்டோடு கிளாஸில் பாதிக்குப் பாதி கலந்து குடிக்கலாம், புகை மட்டும் தெரியும். எனக்குப் பதினான்கு பாட்டில் இப்படித்தான் தீர்ந்தது. ஆட்டுக்கறியைப் பொய்க்கி என்ற இரும்புச் சட்டியில் மெதுவாக வேகவைக்கும்போதும் ஊற்றலாம், கிலோவுக்கு ஒரு கோப்பை, அதற்கு மேல் போனால் சுண்டச் சுண்ட ஹாப்ஸ் கசப்பு ஏறிவிடும். பிளாஸ்திரி வாடை அடிக்கும் பாட்டிலை மட்டும் சட்டிக்குக் காட்டாதீர்கள். அந்த வாடை வேகாது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன், பாவம் அந்த ஆடு.